நாங்கள் செய்யாத வேலைகள்

கடந்த மாதம் நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. இங்கே மலேசியாவின் மலைப்பகுதியில், கியா பார்ம் மேட்டில் பெரிய பூப்பண்ணை வைத்திருக்கும் ஒரு சீனப் பெண்மணி, தன் குளிர் அறைகளை வருடம் முழுவதும் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனி தேடுகிறார் என்று தகவல் வந்தது. விருப்பமுள்ளவர்கள் எழுதி அனுப்பலாம்.

2. குளிர் அறைகளைப் பழுது பார்ப்பதுதான் எங்கள் தொழில். அதே மலையில் ரிங்லெட்டில் பட்டறை. என் கணவர் அருள் உடனே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்.

3. நான் அதை அனுப்ப விடவில்லை.

4. இரண்டு நாள் வீட்டில் சோறு, குழம்பு, குழந்தையின் காலுறை தவிர வேறெதைப் பற்றியும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

5. நான் வேறொரு கடிதம் எழுதினேன். அதில் சரிபாதி, நாங்கள் எந்தெந்த வேலைகளைச் செய்யமாட்டோம் என்பது.

6. படித்துவிட்டு அருள், "இதப் படிச்சிட்டு எவன் நம்மள கூப்புடுவான்?" என்றார்.

7. அதையே அனுப்பினோம்.

இதில் எங்களுக்கு என்ன போகும் என்பதையும் சொல்லவேண்டும். அருளின் பள்ளித் தோழர் ஒருவர் சிங்கப்பூரில் ஏசி கம்பெனியில் மேற்பார்வையாளர். அங்கே அருளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். பூப்பண்ணை வேலை கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு அவர் போவது என்று முடிவாகியிருந்தது. நானும் மகளும் இங்கே, அவர் அங்கே. இவரோடு இருக்கத்தான் நான் கடல் தாண்டி வந்தேன். மனைவி என்ற முறையில் இந்த நாட்டில் தங்க எனக்குக் கிடைத்திருக்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் கணவர் கூட வந்து நிற்கவேண்டும். அவர் சிங்கப்பூரில் இருந்தால் அதற்கும் விடுப்பு எடுத்து வரவேண்டும். ஆகவே அந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் எனக்கு முக்கியமாக இருந்தது.

*

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் இன்னமும், "தேயிலையெல்லாம் பறிப்பியா?" என்று கேட்கிறார்கள். இல்லை. தேயிலை பட்டறை வாசலிலிருந்து தெரியும், அவ்வளவுதான். நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்து, திண்டுக்கல் பக்கம் ஒரு பால் ஆலையில் குளிரூட்டும் பிரிவில் வேலை பார்த்தவள். கிறிஸ்தவ சபை வழியாகப் பேசி முடித்த கல்யாணம். மாப்பிள்ளை மலேசியா, அவரும் குளிர்சாதன மெக்கானிக் என்றபோது எங்கள் வீட்டில், "ரெண்டு பேரும் சேந்து ஐஸ் விக்கலாம்" என்று சிரித்தார்கள்.

அடுத்த கேள்வி, "குளிர்ப் பிரதேசத்துல குளிர் அறை எதுக்கு?" என்பது. மனிதருக்கு ஸ்வெட்டர் போடவைக்கும் குளிர் வேறு, வெட்டிய பூவைக் கெடாமல் நிறுத்திவைக்கும் குளிர் வேறு. கார்னேஷன் பூவை வெட்டிய உடனே, தண்ணீர் உறையும் நிலைக்குச் சற்று மேலான குளிரில் வைக்கவேண்டும். அந்தக் குளிர் ஒரு மதியம் விட்டுப்போனால், சாயங்காலம் லாரி ஏறும் பூ, நகரத்துக் கடையில் இறங்கும்போது தலை கவிழ்ந்திருக்கும்.

நான் பூவுக்குப் புதியவள் அல்ல. எங்கள் வீடு நிலக்கோட்டைப் பூ மண்டிக்குப் பின்தெருவில். ஆனால் அங்கே பூவை யாரும் நிறுத்திவைத்துப் பார்த்ததில்லை. வெயில் ஏறுவதற்குள் விற்றாகவேண்டும். அதனால் மண்டியில் பேச்சு சுருக்கம். ஒரு கடை மல்லிகை மட்டும் எடுக்கும், ஒரு கடை சம்பங்கி மட்டும். "இன்னைக்குக் கனகாம்பரம் எடுக்கல, அடுத்த கடைக்குப் போ" என்றால் போய்விடுவார்கள். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. இங்கே வந்த பிறகுதான், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இவ்வளவு கஷ்டப்படுகிறவர்கள் உலகத்தில் உண்டு என்று தெரிந்தது. அவர்களில் ஒருவரை மணந்திருக்கிறேன் என்பதும்.

*

அருள் எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம். நான் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். எங்களுடையது சிறிய குடும்பம், சிறிய பட்டறை. நீண்ட கால அனுபவம் உண்டு. குளிர் அறை, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர், ஒயரிங், எந்த வேலையும் செய்வோம். எந்த நேரமும் வருவோம். கட்டணம் தாங்கள் பார்த்துச் சொல்வதுபோல் பேசிக்கொள்ளலாம். என் மனைவியும் உதவியாக இருக்கிறார். தயவுசெய்து ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

"என்னா தப்பு இதுல?" என்றார்.

"தப்பு ஒண்ணும் இல்லங்க. ஆனா இது மனு."

"ஆமா, மனுதான். வேல கேக்குறோம்ல."

"நாம கேக்கல. இன்னது செஞ்சு குடுப்போம்னு சொல்றோம்."

"ரெண்டும் ஒண்ணுதான் லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வை ஒட்டி.

"அப்புறம், நான் எதுக்கு உதவியா இருக்கேன்? கண்ட்ரோல் பெட்டி பூரா நான்தான பாக்குறேன்."

"அது அவங்களுக்கு எதுக்கு? பொம்பள வந்து பாப்பாங்கன்னா பயந்துருவாங்க."

இங்கேதான் அந்த இரண்டு நாள் மௌனம் தொடங்கியது.

மௌனத்தில் யோசிக்க நேரம் கிடைக்கும். அருளுக்கு இந்த நடை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அவர் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவருக்குத்தான் எழுத வரும். கூரை ஒழுகினாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், பிள்ளைகளின் பள்ளி பஸ் நின்றுபோனாலும், எல்லாருக்கும் துரைக்கு மனு எழுதித் தந்தவர் அவர். முதலில் நலம் விசாரிப்பு. பிறகு குடும்பத்தில் எத்தனை தலை, எத்தனை காலமாக எஸ்டேட்டில் உழைக்கிறோம் என்ற விவரம். கேட்கவேண்டியது கடைசியில், கேட்டமாதிரியே தெரியாமல். துரை இப்போது வெள்ளைக்காரர் இல்லை, காற்சட்டைக்குப் பதில் ஜீன்ஸ் போட்ட மேனேஜர். ஆனாலும் துரைதான், மனுவும் அதேதான். அந்த மனுக்களால் கூரை வந்தது, பஸ் வந்தது. பையனாக இருந்த அருள் அதை மேசை ஓரத்தில் நின்று பார்த்து வளர்ந்தவர். கடிதம் என்றால் அவருக்கு அதுதான்.

நியாயமாகச் சொல்வதானால், நானே அப்படி ஒரு மனுவால் பயன் பெற்றவள். எனக்கு வேலை செய்யவும் அனுமதி கேட்டு நாங்கள் விண்ணப்பித்தபோது, படிவத்தோடு அருள் இரண்டு பக்கம் எழுதி இணைத்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அலுவலகத்தில் இருந்த மலாய்ப் பெண் முழுதும் படித்துவிட்டு, "உன் குழந்தைக்கு இருமல் சரியாகிவிட்டதா?" என்று என்னிடம் கேட்டார். குழந்தையின் இருமலைக்கூட எழுதியிருக்கிறார். முத்திரை கிடைத்தது.

ஆக, மனு கெட்டதில்லை. இரக்கப்பட அதிகாரம் உள்ளவருக்கு எழுதவேண்டியது அது. பூப்பண்ணை முதலாளிக்கு எங்கள்மீது இரக்கம் வரவேண்டிய அவசியம் இல்லை. அவருக்குப் பூ வாடாமல் இருக்கவேண்டும்.

*

இந்த மனு நடைக்கு யார் வந்தார்கள் என்பதற்கு எங்களிடம் சில வருட அனுபவம் இருந்தது. "எந்த வேலையும், எந்த நேரமும், பேசிக்கொள்ளலாம்" என்பதுதான் எங்கள் பழைய விளம்பர அட்டை. அதைப் பார்த்து வந்தவர்கள்: ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷினோடு வந்தவர். எங்கள் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, தன் மச்சானே பாதிக்குச் செய்வான் என்று சொல்லி, மச்சானுக்கு எப்படிச் செய்வது என்று எங்களிடமே கேட்டுப் போனவர். இந்த மலையில் ஏசி மாட்டித் தரச் சொன்ன ஒருவர்கூட உண்டு.

நடுவில் ஒரு முறை நான் என் வழியில் ஓர் அட்டை தயாரித்தேன். கம்ப்ரஸர் வகைகள், குளிரூட்டும் வாயுக்களின் எண்கள், அழுத்தம், வெப்பநிலை வரம்புகள், எல்லாம் கட்டம் போட்டு. ரிங்லெட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஹமீது பாய் அதைத் தன் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துக் கேட்டேன்.

"யாராச்சும் பாத்தாங்களா பாய்?"

"பாக்குறாங்க தங்கச்சி. ஒருத்தன் கேட்டான், இது எந்த வகுப்புப் பரீட்சைன்னு."

"கிண்டல் பண்ணாதீங்க."

"நான் ஏன் கிண்டல் பண்றேன்? என் கடை வாசல்ல என்னா எழுதிருக்கு? நாசி கந்தார், ரொட்டி, தே தாரிக். மாவுல எத்தன கிராம் உப்புன்னா எழுதிருக்கு?"

அவர் சொன்னதை ஒப்புக்கொண்டு அட்டையைக் கழற்றினேன். அருள் எங்களைப் பற்றியே எழுதினார். நான் இயந்திரத்தைப் பற்றியே எழுதினேன். பூவை வைத்துக்கொண்டு கவலையோடு நிற்கும் ஆளைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை.

*

முடியாது என்று சொல்லாததன் விலை எனக்கு உறைத்தது போன வருடம்தான். அப்போது மேட்டில் ஒரு காய்கறி வியாபாரியின் குளிர் அறை எங்கள் பொறுப்பில் இருந்தது. ஒரு காலை அது நின்றுவிட்டது. அவர் அழைத்தபோது அருள், "போலே, போலே, வந்துடறேன்" என்றார். போலே என்றால் மலாயில் 'முடியும்' என்று பொருள். அந்தச் சமயத்தில் அருள் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலின் வாட்டர் ஹீட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். அங்கேயும் முந்தின நாள் போலே சொல்லியிருந்தார். பள்ளி விடுமுறைக் கூட்டம், சாலை முழுக்க வண்டிகள். நான் ரிங்லெட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அந்த வியாபாரி கீரைக் கட்டுகளை வெளியே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "வரமுடியாது என்று சொல்லியிருந்தால் வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதிலிருந்துதான் பட்டறை தள்ளாடத் தொடங்கியது.

அருள் அப்போதும், "நான் வரமாட்டேன்னு சொல்லலியே, வந்துட்டுதான இருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. புரியவைத்தவர் ஸ்டெல்லா அண்ணி, அருளின் அக்கா. எஸ்டேட் தொழிற்சாலையில் தேயிலை அடைக்கும் பிரிவில் இருக்கிறார். இன்னமும் லைன் வீட்டில்தான் குடியிருக்கிறார். இந்தக் கடிதச் சண்டை நடந்த அதே வாரம், அவருடைய பக்கத்து வீட்டு பவுனம்மாவின் பிரிட்ஜ் கெட்டுப்போனது. போனை எடுத்தது நான். வீட்டு பிரிட்ஜ் வேலை இனி எடுப்பதில்லை என்று சொல்லி, தானா ராத்தாவில் ஒரு நல்ல மெக்கானிக்கின் எண்ணைக் கொடுத்தேன். சாயங்காலம் அண்ணி பட்டறைக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா ஜெஸி, பவுனம்மாவ முடியாதுன்னு சொன்னது நீயா?"

"வேற ஆள் நம்பர் குடுத்தேன் அண்ணி."

"நம்பரு அதுக்கிட்டயும்தான் இருக்கு. தம்பிய கேட்டா நம்பர குடுக்குற. அவ்ளோ ஏத்தமா போயிருச்சா?"

"போன தடவ இவரு வரேன்னு சொல்லிட்டு மூணு வாரம் போகல. அது மட்டும் சரியா?"

"அது சரி. வரேன்னு சொல்லிட்டான்ல. வராட்டி, பாவம், அவனுக்கு என்னா வேலையோன்னு நாங்க புரிஞ்சிக்குவோம். மூஞ்சியில அடிச்சமாரி முடியாதுன்னு சொன்னா என்னாத்த புரிஞ்சிக்கிறது?"

அருள் குழாய் வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பினார்.

"நீ என்னாடா, வாயில கொழுக்கட்டையா?"

"அவ சொன்னா நான் சொன்னமாரிதான் க்கா."

"பாருங்க, துரையம்மா சொல்லிட்டாங்க" என்று எழுந்து போய்விட்டார். போகும்போது நான் கொடுத்த தேநீரை முழுதும் குடித்துவிட்டுத்தான் போனார். ஆகையால் பகை முழுப் பகை இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் சொன்னது எனக்குள் வேலை செய்தது. லைனில் 'வரேன்' என்பது மரியாதை. எல்லாருக்கும் அதன் எடை தெரியும். கேட்கிறவர் தானாகவே பாதியைக் கழித்துக்கொள்வார். வெளியாள் கழிக்கமாட்டார். கீரைக்காரர் அதை அப்படியே நம்பி, வேறு யாரையும் கூப்பிடாமல் காத்திருந்தார். அருள் பொய் சொல்லவில்லை. லைன் மரியாதையை, அந்த மரியாதையின் கணக்குத் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டார்.

அன்று பட்டறையை மூடுவதற்குள் இதை அருளிடம் இப்படியே சொன்னேன். அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நீயே எழுது" என்றார்.

*

நான் எழுதும்போது எனக்கு நானே வைத்துக்கொண்ட கேள்விகள் மூன்றுதான். படிக்கிறவர் எதற்குப் பயப்படுகிறார்? அந்தப் பயத்தில் எங்களால் எதை எடுத்துப்போட முடியும்? எதை முடியாது? மேடம் லியோங் பயப்படுவது (பண்ணை முதலாளியின் பெயர் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்) லாரி நிற்கும்போது அறை சூடாக இருப்பதற்கு. அவ்வளவுதான். அதிலிருந்து எழுதினேன். தமிழில் சுருக்கமாக:

"உங்கள் அறையின் குளிர் விட்டுப்போனால், எங்களில் ஒருவர் கருவியோடு உடனே கிளம்பிவிடுவார். எப்போதும் ஒருவர் மலையிலேயே இருப்பார். அருள் கம்ப்ரஸரும் குழாயும் பார்ப்பார். ஜெஸி மின்சாரமும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பார்ப்பார். இருவரும் பயிற்சி பெற்றவர்கள்.

நாங்கள் வரும்வரை அறைக் கதவைத் திறக்காதீர்கள். பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள்.

ரிங்லெட்டிலிருந்து கியா பார்ம் மேடு வரை, பூவும் காய்கறியும் வைக்கும் குளிர் அறைகளை மட்டும் பார்க்கிறோம். வீட்டு பிரிட்ஜ், வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் எடுப்பதில்லை. அதனால்தான் உடனே கிளம்ப முடிகிறது. கெட்டபிறகு மட்டும் கூப்பிடுவதானால் நாங்கள் வேண்டாம். மாதம் ஒரு முறை அறையைப் பார்க்க விடவேண்டும். பூ அறையில் தக்காளியோ பழமோ வைக்கும் பழக்கம் இருந்தால், இயந்திரம் நன்றாக ஓடினாலும் பூ கெடும். அதற்கு நாங்கள் பொறுப்பேற்கமாட்டோம்."

கட்டணத்தையும் எழுதினேன். பேசிக்கொள்ளலாம் என்று எழுதவில்லை.

அருள் எதிர்த்தது தக்காளி வரியை. "அவங்க பண்ணையில போயி அவங்களுக்கே பாடம் நடத்துற" என்றார். பழுக்கும் பழம் ஒரு வாயுவை விடும். அது பட்டால் கார்னேஷன் இதழ்களை உள்ளே சுருட்டித் தூங்கிவிடும். இது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம். ஆனால் பூ தூங்கினால் பழி மெக்கானிக்குக்கு வரும். "நாம பொறுப்பெடுக்க முடியாதத முன்னாடியே சொல்லிருவோங்க. பின்னாடி சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்" என்றேன். அவர் கையை விரித்தார். அனுப்பினேன்.

அந்தச் சமயத்தில் மகள் ரெபெக்காவின் பாலர் பள்ளியில் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். "எங்கம்மா போன்ல முடியாதுன்னு சொல்வாங்க" என்றாளாம். ஆசிரியை என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, உண்மையில் என்ன வேலை என்று கேட்டார். இவள் போகும் போக்கில் நிலக்கோட்டையில் இருக்கும் தாத்தாவிடம் வீடியோவில், "தாத்தா, மாக்கான் ஆச்சா லா?" என்று மலாய் கலந்து சாப்பாட்டை விசாரிக்கிறாள். அவரும் புரியாமலே, "ஆச்சு லா" என்கிறார். நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். எனக்கே குளிர் பற்றிய மலாய்ச் சொற்கள் அத்தனையும் தெரியும், துக்க வீட்டில் சொல்ல ஒரு சொல் தெரியாது. அவளுக்கு இரண்டும் தெரியவரும்.

*

ஒரு வாரம் பதில் இல்லை. வேறு இரண்டு கம்பெனிகளும் எழுதியிருப்பதாக ஹமீது பாய் வழியாகத் தெரிந்தது. சிங்கப்பூர்த் தோழர் இரண்டு முறை அழைத்தார். இரண்டாவது முறை அருள் அவரிடம், "போலே" என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு, "இன்னும் முடிவு பண்ணல லா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிர்றேன்" என்றார். அந்த ஒரு வாரம் அவர் பட்டறையை நன்றாகக் கூட்டிப் பெருக்கினார். மூடப்போகிற ஆள் செய்வதுபோல இருந்தது.

வியாழக்கிழமை மதியம் மேடம் லியோங் அழைத்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர். அருள் போனை மேசையில் வைத்து இருவருக்கும் கேட்கும்படி செய்தார்.

"தக்காளி பற்றி எழுதியது யார்?" என்பது முதல் கேள்வி.

அருள் என்னைப் பார்த்தார். நான்தான் என்றேன்.

"நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. எங்கள் ஆட்கள் இரண்டாவது அறையில் தக்காளிக் கூடைகள் வைப்பார்கள். அந்த அறைப் பூதான் எப்போதும் கடைகளிலிருந்து திரும்பி வரும். மெக்கானிக் ஒருவர் கம்ப்ரஸரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். நீங்கள் எழுதியதைப் பார்த்து ஒரு வாரம் கூடைகளை வெளியே வைத்தேன். அதற்காகத்தான் பதில் போடவில்லை."

அருள் போனை இன்னும் பக்கமாக இழுத்தார்.

"இந்த முறை பூ திரும்பி வரவில்லை" என்றார். பிறகு உடனே, "எப்போதும் ஒருவர் இருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கிறிஸ்தவர்கள்தானே? கிறிஸ்துமஸ் அன்று காலை? எங்களுக்கு அது பெரிய பருவம்."

நான் கடிதத்தில் அதை யோசித்திருக்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் அருள் பேசினார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது, போலே வருகிறது என்று. அவ்வளவு பெரிய வேலை, போனின் மறுமுனையில் இருந்தது.

"கிறிஸ்துமஸ் காலையில முடியாது மேடம்" என்றார் மலாயில். "கோயில்ல இருப்போம். ரெண்டு பேரும். ஆராதனை முடிஞ்சதும் வருவோம். அதுக்கு முந்தின நாளே ரூம் எல்லாத்தையும் வந்து பாத்து வச்சிட்டுப் போவோம். ஆனா அன்னைக்குக் காலையில கூப்பிட்டா வரமாட்டோம்."

மறுமுனையில் லாரி பின்னால் நகரும் ஓசை கேட்டது.

"சரி, அதையும் கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்" என்றார் மேடம் லியோங். "போன கம்பெனி எல்லா நாளும் வருவோம் என்றது. நான்தான் எல்லா நாளும் காத்திருந்தேன்."

போனை வைத்ததும் அருள் நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

"வேர்க்குது ஜெஸி" என்றார். "முடியாதுன்னு சொல்றதுக்கு இவ்ளோ வேர்க்குமா?"

"பழகிரும்" என்றேன்.

"உனக்கென்னா, நீ மண்டிக்காரி."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை முதல் இடத்தில் வைத்திருக்கிறேன். பால் ஆலையில் கிடைத்த நற்சான்றிதழ் இரண்டாவது.

கடிதத்தில் கிறிஸ்துமஸ் வரியைச் சேர்த்து அனுப்பினோம். அந்த வரியை அருளே எழுதினார். முதல் வரைவில், "தயவுசெய்து மன்னிக்கவும்" என்று இருந்தது. அவரே அடித்துவிட்டார்.

*

இன்றைய நிலைமை:

பூப்பண்ணையின் குளிர் அறைகள் ஒரு வருடத்துக்கு எங்கள் பொறுப்பு. கையெழுத்தாகிவிட்டது. ஒப்பந்தத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. சிங்கப்பூர்த் தோழரிடம் அருள் வரவில்லை என்று சொல்லிவிட்டார். தோழர் வருத்தப்பட்டாலும், வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். பவுனம்மாவின் பிரிட்ஜை தானா ராத்தாக்காரர் சரிசெய்துவிட்டார், ஆனால் ஸ்டெல்லா அண்ணி இன்னும் என்னிடம் அளவாகத்தான் பேசுகிறார். அதை நான் எழுதிச் சரிசெய்ய முடியாது. மேடம் லியோங்கிடம் எங்கள் கடிதத்தைப் பார்த்த இன்னொரு பூக்காரர் அழைத்திருந்தார். அவருடைய தோட்டம் நாங்கள் சொன்ன எல்லைக்கு வெளியே, வேறு ஆளைக் காட்டினோம். பட்டறை திறந்திருக்கிறது. அருள் இங்கே இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மேட்டில் முதல் மாதப் பரிசோதனை, இரண்டாவது அறையின் கட்டுப்பாட்டுப் பெட்டி என் வேலை.